வ.உ.சி. பூங்காவை மூடிய பிறகு: கோவை விலங்குக்காட்சி சாலை பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

2022 ஜனவரியில் கோவை வ.உ.சி. உயிரியல் பூங்காவுக்கான அங்கீகாரத்தை மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் ரத்து செய்தது. அதற்குள் கொரோனா ஊரடங்கால் பூங்காவின் கதவு ஏற்கெனவே சாத்திக் கிடந்தது. அதனால் ஊரில் பெரிய அதிர்ச்சி எதுவும் இல்லை. "அட, அதையும் மூடிட்டாங்களா?" என்ற அளவில் பேச்சு முடிந்தது. மூன்று தலைமுறை கோவைக்காரர்கள் மானையும் முதலையையும் முதன்முதலாகப் பார்த்த இடம் அது. பொள்ளாச்சி, தாராபுரம், கோபி பக்கத்துப் பள்ளிக்கூடங்களின் சுற்றுலாப் பேருந்துகள் தவறாமல் நின்ற இடமும் அதுதான்.

இந்த மூடல் நல்லதா கெட்டதா என்ற வாதத்துக்கு இரண்டு பக்கமும் ஆள் உண்டு. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வேறு. ஒரு காட்டு விலங்கை அடைத்து வைக்கும்போதே அதை எப்படி, எங்கே, யார் பொறுப்பில் வெளியே விடுவது என்பதற்கும் பதில் இருந்தாக வேண்டும். கோவையில் அந்தக் கேள்வி 1965-இல் கேட்கப்படவில்லை. மூடிய பிறகுதான் கேட்கப்பட்டது. கொங்கு நாட்டில் நடந்த வேறு சில நிகழ்வுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இதே ஓட்டை எல்லாவற்றிலும் தெரிகிறது.

நாலு ஏக்கரும் ஒரு கொறங்காடும்

பூங்கா தொடங்கியது 1965-இல். கோவை அப்போது நகராட்சிதான், மாநகராட்சி ஆனது 1981-இல். நகரத்துக்கு நடுவில், நேரு விளையாட்டரங்கத்தை ஒட்டி, குழந்தைகளுக்கான பூங்கா, குட்டி ரயில் எல்லாவற்றோடும் சேர்த்து விலங்குகளையும் வைத்தார்கள். அந்தக் கால மனதுக்கு அது பிழையாகப் பட்டிருக்காது. பூச்செடி, ஊஞ்சல், மான், எல்லாம் ஒரே வரிசை.

தற்செயலாக அதே 1965-இல்தான் இங்கிலாந்தில் பிராம்பெல் குழு பண்ணை விலங்குகள் பற்றிய அறிக்கையை வெளியிட்டது. எழுந்து நிற்க, படுக்க, திரும்ப, உடம்பை நக்கிச் சுத்தம் செய்ய, கைகால் நீட்ட ஒரு விலங்குக்கு இடம் இருக்க வேண்டும் என்றது அந்த அறிக்கை. இறைச்சிக்கும் பாலுக்கும் வளர்க்கும் மிருகத்துக்கே இவ்வளவு குறைந்த அளவைக் கேட்க வேண்டிய நிலை இருந்தது. பின்னாளில் அது ஐந்து சுதந்திரங்களாக விரிந்தது: பசி தாகம் இல்லாமை, உடல் வசதியின்மை இல்லாமை, வலி நோய் இல்லாமை, பயம் துயரம் இல்லாமை, இயல்பான நடத்தைக்கு வாய்ப்பு. 2014-இல் ஜல்லிக்கட்டு வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த ஐந்தையும் எடுத்துச் சொன்னது. தமிழ்நாட்டில் அந்தத் தீர்ப்பைப் பற்றி நடந்த சண்டையில் இந்தப் பகுதி யார் காதிலும் விழவில்லை என்பது தனிக் கதை.

கோவையில் விலங்குகளுக்கு இருந்த இடம் மொத்தமே நாலு ஏக்கருக்குக் கொஞ்சம் மேல். செண்ட் கணக்கில் சொன்னால்தான் நம் ஊர்க்காரர்களுக்கு உறைக்கும்: நானூற்றுச் சொச்சம் செண்ட். அதற்குள் பார்வையாளர் பாதை, கூண்டுகள், குளம், அலுவலகம், நூற்றுக்கணக்கான பறவைகளும் விலங்குகளும்.

காங்கேயம், தாராபுரம் பக்கம் போனால் கிளுவை வேலி கட்டிய கொறங்காட்டைப் பார்க்கலாம். நாலைந்து ஏக்கருக்கு ஒரு வேலி, உள்ளே வெள்வேலாமரம், கொழுக்கட்டைப் புல், மேயும் சில மாடுகள். ஒரு காடு மேய்ந்து தீர்ந்தால் அடுத்த காட்டுக்கு மாற்றிவிடுவார்கள். ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மனிதனோடு பழகிய மாட்டுக்கே நம் ஆட்கள் தந்திருக்கும் இடம் அது. ஒரு கொறங்காட்டின் பரப்பில் நகராட்சி ஒரு முழு விலங்குக்காட்சி சாலையையே நடத்தியது. அதை மேல்நாட்டு விலங்குநல அளவுகோலை வைத்துக் குறை சொல்ல வேண்டியதில்லை. ஒரு காங்கேயம் மாட்டுக்காரரைக் கூட்டிவந்து காட்டியிருந்தாலே போதும்.

இடம் சின்னதாக இருந்தால் என்ன ஆகும் என்பது வெறும் இரக்கப் பேச்சும் இல்லை. 2003-இல் ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த இரண்டு ஆய்வாளர்கள் பல நாட்டு விலங்குக்காட்சி சாலைகளின் ஊனுண்ணிகள் பற்றிய தரவுகளைத் தொகுத்து ஒப்பிட்டார்கள். காட்டில் எவ்வளவு பரந்து திரியும் இனமோ, கூண்டில் அது அவ்வளவு அதிகமாக ஒரே தடத்தில் மேலும் கீழும் நடக்கிறது, குட்டிகளும் அதிகம் சாகின்றன என்று கண்டார்கள். பசிக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. நேரத்துக்கு இறைச்சி போட்டாலும் அந்த நடை நிற்பதில்லை.

சட்டம் வந்த வழி

1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் விலங்குக்காட்சி சாலைகளுக்குத் தனி அத்தியாயம் முதலில் இல்லை. 1991 திருத்தத்தில்தான் அது சேர்ந்தது. 1992-இல் ஆணையம் அமைந்தது. அங்கீகாரம் இல்லாமல் யாரும் விலங்குக்காட்சி சாலை நடத்தக்கூடாது என்ற 38எச் பிரிவு அப்போது வந்ததுதான். 1998-இல் தேசியக் கொள்கை வந்தது. பொழுதுபோக்கைப் பின்னுக்குத் தள்ளி இனப் பாதுகாப்பே முதல் நோக்கம் என்றது அது. விதிகள்படி வாரத்தில் ஒரு நாள் பார்வையாளர் கூடாது. விலங்குக்கும் வார விடுமுறை உண்டு என்று சட்டம் ஒப்புக்கொண்ட இடம் அது.

அதாவது கோவைப் பூங்கா பிறந்தபோது அதை அளக்க அளவுகோலே கிடையாது. அளவுகோல் வந்த பிறகு நாலு ஏக்கரை நீட்ட வழியும் கிடையாது. சுற்றிலும் மைதானம், அரங்கம், சாலை. அங்கீகாரம் என்றைக்கோ போயிருக்க வேண்டியது, 2022 வரை தாமதமானது என்பதுதான் என் கருத்து. நகர நடுவில் இப்படி மாட்டிக்கொண்டது கோவை மட்டுமில்லை. டெல்லி ஹவுஸ் காஸ் மான் பூங்காவின் அங்கீகாரமும் 2023-இல் ரத்தானது. அங்கே நூற்றுக்கணக்கில் பெருகிவிட்ட மான்களை ராஜஸ்தான் புலிக் காடுகளுக்கு அனுப்ப ஆரம்பித்து, அது உச்ச நீதிமன்றம் வரை போனது.

ஆணையம் கண்டிப்புக் காட்டிய இன்னொரு சந்தர்ப்பத்தையும் சொல்ல வேண்டும். 2009-இல் எந்த விலங்குக்காட்சி சாலையிலும் யானை வைக்கக்கூடாது என்று உத்தரவிட்டது. எவ்வளவு பெரிய சாலையானாலும் யானைக்குப் போதாது என்று முடிவு செய்துவிட்டார்கள். அப்படியென்றால் கேள்வி "கூண்டு வேண்டுமா வேண்டாமா" என்று மொத்தமாக இருக்க வேண்டியதில்லை. எந்த இனத்துக்கு, எதற்காக, எவ்வளவு காலம் என்று பிரித்துக் கேட்கலாம்.

கூண்டில் இருந்தவை எவை?

பிரித்துக் கேட்டால் கோவையின் வழக்கு ரொம்பவே பலவீனமானது. அங்கே இருந்தவை பெரும்பாலும் புள்ளிமான், கடமான், மயில், கூழைக்கடா, குரங்கு, முதலை, பாம்பு. இவற்றில் எதைக் காப்பாற்ற நகர நடுவில் கூண்டு தேவைப்பட்டது?

கூழைக்கடாவை எடுத்துக்கொள்வோம். பூங்காவிலிருந்து ஒரு நகரப் பேருந்துப் பயணத்தில் சிங்காநல்லூர் குளம். காலையில் போனால் சாம்பல் கூழைக்கடாக்கள் கூட்டமாக மீன் வாரிக்கொண்டிருப்பதைக் கரையில் நின்றே பார்க்கலாம், டிக்கெட் இல்லை. திருப்பூர் நஞ்சராயன் குளம் 2024-இல் ராம்சார் இடமானது, அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த நீர்நிலைகளின் பட்டியலில் சேர்ந்தது. ஈரோடு வெள்ளோடு அதற்கு முன்பே, 2022-இல். மயிலைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். அன்னூர், அவினாசி விவசாயிகளிடம் "மயிலைக் காப்பாற்றக் கூண்டு வேணுங்க" என்று சொல்லிப் பாருங்கள், தக்காளிக் காட்டைக் காட்டித் திட்டி அனுப்புவார்கள். புள்ளிமான் பவானிசாகர் நீர்த்தேக்கத்தின் கரையில் மந்தையாக நிற்கிறது. முதலை அமராவதி அணையில் இருக்கிறது, பவானி ஆற்றிலும் இருக்கிறது.

ஒரு விலங்குக்காட்சி சாலையைத் தாங்கிப் பிடிக்கும் தூண்கள் என்று சொல்லப்படுபவை இனப் பாதுகாப்பும் கல்வியும். முதல் தூண் கோவையில் நிற்கவே இல்லை. அங்கே இருந்த விலங்குகளில் ஒன்றுகூட அழிவின் விளிம்பில் இல்லை. நம் மலையின் அபூர்வ உயிர்களான சிங்கவால் குரங்கு, வரையாடு போன்றவற்றுக்கு நாலு ஏக்கரில் இனப்பெருக்கம் நடத்தவும் முடியாது.

கல்வி என்ற தூண் கொஞ்சம் வலுவானது. இங்கே எதிர்த்தரப்பின் வாதத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளமாட்டேன். ஆனைமலைக் காட்டிலிருக்கும் டாப்சிலிப் போக வண்டி வேண்டும், நாள் வேண்டும், காசு வேண்டும். பனியன் கம்பெனியில் ஞாயிற்றுக்கிழமை மட்டும் லீவு கிடைக்கும் ஒரு அம்மா, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு பேருந்தில் வந்து சில ரூபாய் டிக்கெட்டில் மானைக் காட்ட முடிந்த இடம் வ.உ.சி. பூங்கா. காட்டைக் காட்டுக்குள் போய்ப் பார்க்கும் வசதி உள்ளவர்கள் "கூண்டு பாவம்" என்று சொல்வது சுலபம். இந்த மூடலால் இழப்பு யாருக்கு என்றால் அந்தப் பிள்ளைக்குத்தான். அதை மறைத்துவிட்டு அறம் பேசுவது சரியில்லை.

ஆனால் அந்தப் பிள்ளை அங்கே கற்றது என்ன? வாலை ஆட்டிக்கொண்டு கம்பி ஓரம் வந்து கையிலிருக்கும் பொரியை வாங்கும் மான். காட்டு மான் நூறு அடி தள்ளி நின்று காதை நிமிர்த்தி, முன்காலால் தரையைத் தட்டி, கூவி எச்சரித்துவிட்டு ஓடும். அந்த ஓட்டத்தில்தான் புலியும் செந்நாயும் அதற்கு என்ன செய்தன என்பது எழுதியிருக்கிறது. பொரி வாங்கும் மானிடம் அந்தப் பாடம் கிடையாது. சிங்காநல்லூர் குளத்தில் சாக்கடை கலப்பதை நிறுத்தி, கரையில் நல்ல நடைபாதையும் இரண்டு தொலைநோக்கியும் போட்டு, பள்ளிக்கூடப் பேருந்துகளை அங்கே திருப்பிவிட்டால் அதே பிள்ளைக்கு அதே செலவில் உண்மையான பறவை தெரியும். மாநகராட்சி அந்தக் குளத்தைப் பல்லுயிர் மண்டலம் என்று 2017-இலேயே அறிவித்துவிட்டது. அறிவிப்போடு நிற்காமல் இருந்தால் சரி.

மூடிய பிறகு

அங்கீகாரம் போன மறுநாள் விலங்குகள் எங்கும் போய்விடவில்லை. மூடிய கதவுக்குப் பின்னால் அதே கூண்டில், அதே தீவனத்தில் இருந்தன. மான்கள் மட்டும் ஆண்டுக்கணக்கில் இருந்தன. பார்வையாளர் வருமானம் நின்றது, பசி நிற்கவில்லை. பிறகு விலங்குகள் படிப்படியாக வனத்துறை வசம் போயின. புள்ளிமான்கள் நோய்ப் பரிசோதனைக்குப் பிறகு சிறுவாணி மலையடிவாரத்தில் விடப்பட்டன.

கேட்க இனிமையான முடிவு. இதன் உள்ளே இருக்கும் சிக்கலை மட்டும் பார்த்துவிடுவோம். மானைப் பிடிப்பதே ஆபத்து. துரத்திப் பிடித்தால் பயத்தில் ஓடும் ஓட்டத்தில் தசை சிதைந்து, அப்போது பிழைத்தாலும் சில நாளில் செத்துவிழும். காசநோய் மாதிரியான நோய் நெருக்கடியான அடைப்பில் பரவியிருந்தால், விடப்படும் மான் அதைக் காட்டு மந்தைக்கும் கொண்டுபோகும். பரிசோதனை அதற்காகத்தான். பல தலைமுறையாகச் சின்னக் கூட்டத்துக்குள்ளேயே ஈன்றதால் இரத்த உறவு நெருங்கிப் போயிருக்கும். எல்லாவற்றுக்கும் மேல், மனிதனைக் கண்டால் பக்கத்தில் வரும் மானுக்குச் சிறுத்தையைக் கண்டால் என்ன செய்யத் தோன்றும்? சிறுவாணி அடிவாரத்தில் சிறுத்தைக்குப் பஞ்சமில்லை. தோட்டங்களும் நாய்களும் பக்கத்திலேயே.

விட்டது தப்பு என்று நான் சொல்லவில்லை. வேறு வழி இல்லை, இருந்தவற்றில் இது மேல். ஆனால் இந்தச் செலவு முழுவதையும் தன் உடம்பில் கட்டுவது மான். 1965-இல் முதல் ஜோடியை உள்ளே விட்டவர்களின் கணக்குப் புத்தகத்தில் அந்தச் செலவு எழுதப்படவே இல்லை. கருத்தடை, ஆணையும் பெண்ணையும் பிரித்து வைப்பது போன்ற கட்டுப்பாட்டைத் தொடக்கத்திலிருந்தே கறாராக வைத்திருந்தால், மூடும் நாளில் வயதான சில மான்கள் மட்டுமே மிஞ்சியிருக்கும். அவற்றை அங்கேயே நிம்மதியாகச் சாகவிட்டிருக்கலாம்.

அமராவதியின் முதலைகள்

இதே ஓட்டையின் இன்னொரு வடிவம் உடுமலைக்குத் தெற்கே இருக்கிறது. 1975-இல் நாடு முழுக்க முதலைப் பாதுகாப்புத் திட்டம் தொடங்கியது. தோலுக்காக வேட்டையாடி முதலை அருகிப்போன காலம் அது. அமராவதி அணைக்கரையிலும் சின்னாறு, தேனாறு, பாம்பாறு வந்து சேரும் பக்கங்களிலும் சதுப்பு முதலையின் முட்டைகளைச் சேகரித்துப் பொரிக்கவைத்து, குட்டிகளை வளர்த்து ஆற்றிலும் அணையிலும் விட்டார்கள். வேலை செய்தது. இனம் மீண்டது. அடைத்து வளர்ப்பதற்கு இதைவிட நல்ல காரணம் கிடையாது.

மீண்ட பிறகுதான் வம்பு. விடுவதற்குப் புதிய நீர்நிலை இல்லை. எந்த ஊர்க்காரரும் "எங்க ஆத்துல கொண்டாந்து விடுங்க" என்று கேட்கப் போவதில்லை. காட்டில் விடுவதற்காகப் பொரித்தவை பண்ணையிலேயே தங்கி, பெரிதாகி, பயணிகளுக்குக் காட்சிப் பொருளாகிவிட்டன. முதலை பல பத்தாண்டுகள் வாழும் பிராணி. திட்டம் ஜெயித்தும் அந்தத் தனிப்பட்ட முதலைகள் தோற்றன. இனத்துக்கு நல்லது செய்த காரணத்தால் ஒவ்வொரு உயிருக்கும் செய்தது நியாயமாகிவிடுமா என்று கேட்டால், எனக்கு அரை மனதோடுதான் ஆமாம் சொல்ல வருகிறது. முட்டை எடுக்கும்போதே எத்தனை வருடத்தில் நிறுத்துவது என்று எழுதிவைத்திருந்தால் முழு மனதோடு சொல்லியிருப்பேன்.

வெளியே போகும் கூண்டும் உள்ளே இழுக்கும் காடும்

வால்பாறை முடீஸ் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் 2021 செப்டம்பரில் முள்ளம்பன்றி முள் குத்தி நலிந்து கிடந்த புலிக்குட்டி ஒன்றை வனத்துறை மீட்டது. ஏறக்குறைய எட்டு மாதக் குட்டி. சுலபமான வழி வண்டலூர். ஆனைமலைப் புலிகள் காப்பகத்தார் அதைச் செய்யாமல், மானாம்பள்ளி வனச்சரகத்து மந்திரிமட்டத்தில் 10,000 சதுர அடியில் அடைப்பு ஒன்றைக் கட்டி, 2022 ஜூனில் அங்கே மாற்றி வேட்டை பழக்க முயன்றார்கள். தமிழ்நாட்டுக்கு அது புதுசு. தேசியப் புலிகள் ஆணைய நெறிமுறையின்படி இப்படிப்பட்ட குட்டி குறைந்தது 2 வருடம் வளர்ந்து, 50 முறையாவது இரையைத் தானே வீழ்த்திய பிறகுதான் காட்டில் விடலாம். இந்தக் குட்டிக்குக் கோரைப்பல் சேதம் வேறு. அந்தப் பல் இல்லாத புலி கழுத்தைக் கவ்வ முடியாது. கவ்வ முடியாத புலி மாட்டையும் ஆளையும் தேடிவரும்.

10,000 சதுர அடி என்பது 23 செண்ட். பரப்பை மட்டும் பார்த்தால் வ.உ.சி. பூங்கா வகைதான். ஆனால் நான் இதை வேறு கணக்கில் வைக்கிறேன். இந்த அடைப்புக்கு நோக்கம் உண்டு, காலக்கெடு உண்டு, தேர்ச்சிக்கு அளவு உண்டு, பார்வையாளர் இல்லை. தேறாவிட்டால் என்ன செய்வது என்ற கேள்வியும் முதல் நாளிலிருந்தே மேசையில் இருந்தது. அந்த நேர்மை போதும் எனக்கு.

சின்னத்தம்பி கதை நேர்மாறு. கோவை தடாகம் பள்ளத்தாக்கில் சுற்றிய அந்த யானையை 2019 ஜனவரி 25-இல் பிடித்து, ரேடியோ பட்டை மாட்டி, டாப்சிலிப் வரகளியாற்றில் விட்டார்கள். சில நாளில் காட்டை விட்டு இறங்கி, அங்கலக்குறிச்சி வழியாக நடந்து உடுமலை பக்கத்துக் கரும்புக்காட்டுக்கு வந்து நின்றான். யாரையும் மிரட்டவில்லை. பார்க்கக் கூட்டம் கூடியது, "சின்னத்தம்பியை விட்டிருங்க" என்று ஊரே பேசியது. வழக்கு உயர் நீதிமன்றம் போய், பிப்ரவரி 15-இல் மறுபடி பிடித்து வரகளியாறு கராலில், அதாவது யானையைப் பழக்கும் மரக்கூண்டில், அடைத்தார்கள். பின்னாளில் மற்ற யானைகளைப் பிடிக்கப் போகும் கும்கியாகவே ஆக்கப்பட்டான். 2023-இல் தர்மபுரிப் பக்கம் பிடித்து ஆனைமலையில் விட்ட மக்னாவும் (தந்தமில்லாத ஆண் யானை) இதே மாதிரி இறங்கி, கோவை நகர எல்லை வரை நடந்து வந்தது.

விவசாயியின் பயிர் போவது நிஜம். தடாகத்தில் இரவு முழுக்கத் தூங்காதவர்களுக்கு நான் பாடம் எடுக்கத் தயாரில்லை. ஆனால் கராலில் போன யானைக்கும் கூண்டில் இருந்த மானுக்கும் ஒரே கேள்வி பொருந்தும். அடைப்பது என்ற முடிவை எடுத்தவர்கள், யானையின் பாதையில் செங்கல் சூளையும் கல்லூரியும் வேலியும் வந்தபோது எங்கே இருந்தார்கள்? காட்டைச் சுருக்கிய செலவை யானை தன் விடுதலையைக் கொடுத்துக் கட்டியது. விலங்குக்காட்சி சாலைக்கு யானை போகக்கூடாது என்று 2009-இல் சொன்ன அதே நாட்டில், காட்டு யானை முகாமுக்குப் போவதற்கு அப்படியொரு தடை இல்லை.

இனி என்ன கேட்பது

வ.உ.சி. பூங்காவைப் பறவைப் பூங்காவாக மாற்றலாம் என்ற பேச்சு வந்துபோகிறது. சேலத்தில் சேர்வராயன் அடிவாரக் குரும்பப்பட்டிப் பூங்கா 1981-இல் சின்னதாகத் தொடங்கி இன்று 78 ஏக்கரளவில் விரிந்திருக்கிறது, புதுப்புது விலங்குகளைக் கொண்டுவரும் ஆசையும் இருக்கிறது. பறவைப் பூங்கா என்று வந்தால் முதலில் பச்சைக்கிளியைத்தான் வைப்பார்கள். அது நம் நாட்டுக் கிளி, வீட்டில் வைப்பதே சட்டப்படி குற்றம், 2022 திருத்தத்துக்குப் பின் இன்னும் மேல் அட்டவணையில் இருக்கிறது. சோசியக்காரரிடம் பறிமுதல் செய்த, இறக்கை வெட்டிய கிளிக்கு ஓர் இல்லம் தேவை, அதற்கு ஒரு நகரப் பறவைக்கூடம் பொருந்தும். கடையில் வாங்கிய வெளிநாட்டு மக்காவுக்கு அந்த நியாயம் இல்லை.

எந்த உயிரையும் உள்ளே எடுப்பதற்கு முன் மாநகராட்சியும் வனத்துறையும் ஒரு பக்கத்தில் நாலு வரி எழுதிப் பொதுவில் வைக்க வேண்டும் என்பதே என் கோரிக்கை. இது ஏன் இங்கே வந்தது, எத்தனை வருடம் இருக்கும், குட்டி போடுமா போடாதா, பூங்காவை மூடினால் யார் பொறுப்பில் எங்கே போகும். நாலாவது வரிக்குப் பதில் எழுத முடியாத இனத்தை வாங்கவே கூடாது. சிறுவாணியில் விட்ட மான்களுக்கும் இது பொருந்தும்: எத்தனை விடப்பட்டன, ஒரு மழைக்காலம் கழித்து எத்தனை கண்ணில் பட்டன என்ற கணக்கு பொதுவில் இருந்தால், அடுத்து மூடப்படும் பூங்காவின் மான்களுக்கு அது உதவும். குரும்பப்பட்டியில் அடுத்த விலங்கு வண்டியிலிருந்து இறங்குவதற்கு முன் சேலத்துக்காரர்கள் இந்த நாலு வரியைக் கேட்டு வாங்கட்டும்.